தாண்டிவிட்ட அழுகை

இது நான் கண்ணால் பார்த்த கதை இல்லை. ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டிலில் படுக்கும் சகாயராணி சொன்னது. அவளுக்கு அவள் அம்மா தங்கபுஷ்பம் போனில் சொன்னது. தங்கபுஷ்பம் தருவைக்கரையில் இருந்து பார்த்தது, பார்த்தது மட்டுமில்லை, கூடவே செய்ததும்தான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் போன முதல் ஆள் நான். ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் படித்த படிப்பை யாராவது வந்து திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் சகாயராணியை வேறு வேறு நாட்களில் மறுபடி மறுபடி சொல்லவைத்தேன். கதை மாறவில்லை. தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன்.

தருவைக்கரை என்பது தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளத்துக்கும் உடைமர முள்காட்டுக்கும் நடுவில், அளத்து முதலாளி மாசானம் அண்ணாச்சி தன் வேலையாட்களுக்குக் கட்டிவிட்ட லைன் வீடுகள். அந்த வீடுகளுக்கு ஜெயசிங் என்பவர் கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தார். மின்கம்பத்திலிருந்து முதல் வீட்டுக்கு, முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்கு, இப்படியே கடைசி வீடுவரை ஒரே கறுப்பு ஒயர். இரவு ஒன்பது மணிக்குச் சீரியலில் ஒரு மருமகள் அழத் தொடங்கினால் அவள் எல்லா வீட்டிலும் அழுதாள். தண்ணீர் குடிக்க எழுந்து போனால் அடுத்த வீட்டுச் சுவர் வழியாக அழுதாள். வாசலுக்கு வந்தால் தெரு முழுக்க அழுதாள். அவளிடமிருந்து தப்பிக்க வழி இல்லாததால் ஆணும் பெண்ணும் குழந்தையும் அவள் அழுது முடிக்கிறவரை அவளோடு உட்கார்ந்திருந்தார்கள், சிலர் திட்டிக்கொண்டு, சிலர் மூக்கைச் சிந்திக்கொண்டு.

பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. போனுக்குள் ஆப் வந்தது. ராத்திரி வரவேண்டிய சீரியல் அதில் காலையிலேயே வந்து கிடந்தது, நேற்றையதும் கிடந்தது, பத்து வருஷத்துக்கு முந்தையதும் முதல் நாளிலிருந்து கிடந்தது. திரையின் வலப்பக்கம் இரண்டு தட்டு தட்டினால் பத்து நொடி தாண்டும் என்பதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. ஒருத்தர் கண்டுபிடித்த அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அழுகிறாளா, தட்டு. இன்னும் அழுகிறாளா, தட்டு. அழுகை முடிந்து கன்னத்தில் அறை விழுகிற இடத்தில் விரலை எடு. ஒரு கதையை முழுக்கப் பார்த்து முடிக்க டீ ஆறுகிற நேரம் போதும் என்றானது.

ஜெயசிங்கின் லைனிலிருந்து வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அவர் கன்ட்ரோல் ரூமைப் பூட்டி, மொட்டைமாடியில் இருந்த டிஷ் குடையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, தெர்மாகோல் பெட்டியில் மீன் விற்கப் போனார். ஒயரை மட்டும் கழற்றவில்லை. அது வீட்டுக்கு வீடு தொங்கிக்கொண்டே இருந்தது.

அந்த ஒயரில்தான் தண்ணீர் வந்தது.

முதல் வீடு சந்தனமாரியுடையது. அவளும் அவள் புருஷன் லிங்கதுரையும் அளத்தில் உப்பு வாருகிறவர்கள். டிவிக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒயரின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து தரை ஈரமாகக் கிடப்பதைப் பார்த்து, அவள் பூனை என்று நினைத்துப் பூனையைத் திட்டிவிட்டுத் துடைத்தாள். துடைத்த துணி இளஞ்சூடாக இருந்தது. கறுப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் முகப்பவுடரும், வாடின மல்லிகையும், அழுதழுது ஒழுகின மூக்கும் சேர்ந்த ஒரு வாடை. அன்று சாயங்காலத்துக்குள் கடைசி வீடுவரை எல்லா நுனியிலும் அந்தத் தண்ணீர் சொட்டியது. ஜனங்கள் ஜெயசிங்குக்குப் போன் போட்டார்கள்.

"அண்ணே, லைன்ல தண்ணி வருது."

"படம் வேண்டாம்னுதானே நிப்பாட்டுனிய? இப்ப தண்ணி வந்தா அதுக்கும் நான்தானா? குடிச்சுப் பாத்து என்ன சேனல்னு சொல்லுங்க, மாத்தி விடுதேன்."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அவர்கள் உப்பளத்து ஜனம். எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் அவர்களுக்கு அது என்னவென்று புரியாது. தங்கபுஷ்பம் விரலில் தொட்டு நக்கினாள்.

"கடல் தண்ணி இல்ல. போர்த் தண்ணியும் இல்ல," என்றாள். இன்னொரு முறை நக்கினாள். "ஏளா, இது அழுகை. இது கல்யாணம் நின்னுபோனவ அழுகை. நான் நேத்துத் தாண்டுனதுதான்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. பார்க்காமல் விட்டது எங்கேயாவது போய்த்தானே சேர வேண்டும் என்று அவரவர் வாளியை எடுத்துவந்து ஒயருக்கு அடியில் வைத்தார்கள். முதல் வாரம் அந்தத் தண்ணீரில் தரை துடைத்தார்கள். அடுத்த வாரம் சாளைக் கருவாடு ஊறப்போட்டார்கள். ஒரு மாதிரி பவுடர் மணந்தாலும் வெளியூர்ச் சந்தையில் அது விலைபோய்விட்டது. அதற்குள் மாசானம் அண்ணாச்சியின் கங்காணி வந்து ஒரு குடத்தில் உப்பு எவ்வளவு என்று டிகிரி பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் அண்ணாச்சியே வந்தார்.

"கடல் தண்ணியவிட டிகிரி கம்மிதான். ஆனா போர் போட வேண்டாம், மோட்டார் ஓட்ட வேண்டாம். குடத்துக்கு இவ்வளவுன்னு தாரேன். சிந்தாமச் சேத்து வையுங்க."

தனியாக ஒரு பாத்தி கட்டினார்கள். தெருவின் அழுகையெல்லாம் அதில் ஊற்றப்பட்டு, காய்ந்து, கண்மை கலந்த சாம்பல் நிற உப்பாக விளைந்தது. அண்ணாச்சி அதைக் கழுவி, வெள்ளையாக்கி, அன்னப்பறவை படம் போட்ட பாக்கெட்டில் அடைத்து லாரி ஏற்றினார். தருவைக்கரையில் ஒரு வீட்டிலும் அந்த உப்பைச் சமையலுக்கு எடுக்கவில்லை என்று சகாயராணி சொன்னாள். எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும் அல்லவா. தங்கள் உலைக்கு அவர்கள் கடையில் வேறு உப்பு வாங்கினார்கள்.

இதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுத வேண்டும். அதிகம் தாண்டினால் அதிகம் சொட்டுகிறது என்று அவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். சாவு வருகிற வாரம், வளைகாப்பில் பழி விழுகிற வாரம், இதெல்லாம் குடம் நிறைகிற வாரம். அதனால் கதையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அழுகையைத் தேடிப்பிடித்துத் தாண்டத் தொடங்கினார்கள். வெயில் ஏறுமுன் அளத்திலிருந்து வந்துவிடுவார்கள். கை கழுவாமல் போனை எடுப்பார்கள். பழைய சீரியல்களை முதல் நாளிலிருந்து திறந்து, எவள் வாய் கோணுகிறதோ அவளை இரண்டு தட்டு, எவள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறாளோ அவளை இரண்டு தட்டு, தாயை இழந்தவளை, பிள்ளையை இழந்தவளை, நடுத்தெருவில் நிறுத்தப்பட்டவளை, தட்டித் தட்டி அந்தப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். சோறு தின்கிற கை தின்னும், மற்ற கை தட்டும். தூங்குகிற ஆளின் கட்டைவிரல்கூட பாயில் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டிருக்கும். மூலையில் ஒயர் தன்பாட்டுக்கு வாளியில் சொட்டிக்கொண்டிருக்கும்.

சந்தனமாரியும் தட்டினாள். அவள் மட்டும் நல்லவள் என்று சகாயராணி சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

ஜெயசிங் மீன் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஒரு நாள் கட்டிங் பிளேயரோடு வந்தார்.

"லைனை வெட்டிருதேன். ஒயர் வழியா ஊறி ஊறி கரண்டு போஸ்ட் நனைஞ்சு கிடக்கு. தொட்டா சுர்ருங்கு. யாராவது ஒட்டிக்கிட்டா என்ன செய்விய?"

"படம் வந்தப்ப மாசம் பிறந்தா வாசல்ல வந்து நின்னீரு," என்றாள் தங்கபுஷ்பம். "இப்ப எங்களுக்கு நாலு காசு வருதுன்னதும் உமக்குக் கண்ணு உறுத்துதாக்கும்?"

"நெத்திலிக்குப் பேரம் பேசுனப்பகூட நீ இவ்வளவு கத்தலியே தாயி."

லிங்கதுரை சிரித்துக்கொண்டே அவர் கையிலிருந்த பிளேயரை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டான். "வே கேபிளு, பேசாமப் போவும். நான் பாத்துக்கிடுதேன்." சந்தனமாரி பக்கத்தில்தான் நின்றாள். அவளும் போகத்தான் சொன்னாள்.

அந்த வாரமே கம்பத்தில் ஒயர் கட்டியிருந்த இடம் தளர்ந்து, தண்ணீர் வீட்டுக்குள் வராமல் தெருவில் ஒழுகியது. வீணாகிறதே என்று எல்லாரும் கத்தினார்கள். முதல் வீட்டுக்காரன் என்பதால் லிங்கதுரை ஏறினான். ஏணியின் மேல்படியில் நின்று, ஈர ஒயரைப் பிடித்து இழுத்துக் கட்டியவன், கட்டின கையை எடுக்கவில்லை. நல்ல வெயில். கீழே குடத்தோடு நின்றவர்கள், அவன் நடுங்குவதைப் பார்த்து விளையாடுகிறான் என்று நினைத்தார்களாம்.

அவனைக் கிடத்தியதும் செய்தி அண்ணாச்சிக்குப் போனது. அண்ணாச்சியிடமிருந்து செய்தி வந்தது. கரண்ட் அடித்தது என்று சொன்னால் மின்வாரியத்து ஆட்கள் வருவார்கள், வந்தால் ஒயரை அறுத்துப்போட்டுவிடுவார்கள்; மாரடைப்பு என்று சொல்லுங்கள். தெரு அதைக் கேட்டது.

அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வருகிற பெண், பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் அழுகையில் பாதியைத் தான் வாங்கி அழ வேண்டும். எத்தனை பேர் வந்தாலும் ஒவ்வொருத்தியோடும் அழ வேண்டும். துக்கம் கேட்க வந்தவளை அழாமல் திருப்பி அனுப்பக்கூடாது. சந்தனமாரி புருஷன் காலடியில் உட்கார்ந்து நெஞ்சு கிழியக் கத்தினாள். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. சின்ன வயதிலிருந்து வெள்ளை உப்பில் பட்டு எகிறுகிற வெயிலைப் பார்த்துப் பார்த்து அளத்துப் பெண்களில் பலருக்குக் கண் காய்ந்துவிடும். அவளுக்கு முற்றிலும் காய்ந்திருந்தது. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், வந்த பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். அவள் கத்தக் கத்த, சேலை மடிப்புக்குள் அவர்களுடைய கட்டைவிரல்கள் தொடையில் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டிருந்ததைத் தங்கபுஷ்பமே பார்த்திருக்கிறாள். "என் விரலும்தான்," என்று மகளிடம் சொன்னாளாம்.

பிறகு தங்கபுஷ்பம் ஒரு கிண்ணத்தோடு பக்கத்தில் போய்க் குந்தினாள். கிண்ணத்தில் ஒயர்த் தண்ணீர்.

"மைனி, இதுல ரெண்டு சொட்டு தொட்டு வச்சுக்கோ. பாக்கிறவுக ஒரு மாதிரி பேசுதாவ."

சந்தனமாரி கிண்ணத்தைப் பார்த்தாள். "இதாலதானே ஏட்டி அவுக செத்தாவ?" என்றாள்.

தங்கபுஷ்பம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொட்டவில்லை. வாளியில் திரும்ப ஊற்றினாள்.

வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தபோது தெரு முழுவதும் மாரடைப்பு என்றது. சந்தனமாரி மட்டும், "கரண்ட் அடிச்சுத்தான் செத்தாவ. அந்த ஒயர இறக்கச் சொல்லுங்க. இன்னொருத்தரு சாகக்கூடாது," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "இந்தம்மா யாரு?"

"பொண்டாட்டி."

"அழுத மாதிரியே தெரியலையே."

"அதான சார்," என்றார்கள் நாலைந்து பேர் ஒன்றாக. அவர் மாரடைப்பு என்று எழுதிக்கொண்டு போனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை சந்தனமாரி ஒயருக்கு அடியில் இருந்த வாளியை எடுத்துத் தெருவில் கவிழ்த்தாள். ஒயரின் நுனியைத் துடைத்துப் பழைய டிவியின் முதுகில் செருகினாள். சுவிட்சைப் போட்டாள். படம் இல்லை, சிக்னல் இல்லை என்று நீலமாக எழுத்து வந்தது, அதற்குப் பின்னாலிருந்து ஒருத்தி அழுதாள். சந்தனமாரி அதற்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சொல்லுத்தா," என்றாள். அவள் அழுது முடிக்கிறவரை இருந்தாள். அடுத்தவள் வந்தாள். மாப்பிள்ளை ஓடிப்போனவள், மாமியார் சூடு வைத்தவள், ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிப்போனவள், பத்து வருஷம் ஜெயிலில் இருந்தவள், இரண்டாவது எபிசோடிலேயே செத்துப்போன ஒருத்தியின் தங்கை, ஒருவரும் பெயர் வைக்க மறந்த வேலைக்காரி. ஒவ்வொருத்தியிடமும் அவள் சொல்லுத்தா என்றாள், ஒவ்வொருத்தியோடும் காய்ந்த கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினாள், இடையில் எழுந்திருக்கவில்லை, ஒரு நொடியைக்கூடத் தாண்டவில்லை.

அவள் வீடு லைனின் முதல் வீடு. அங்கே கேட்கப்பட்ட அழுகை அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. கடைசி வீட்டு ஒயர் முதலில் காய்ந்தது, பிறகு அதற்கு முந்தைய வீடு. குடங்கள் பாதியில் நின்றன. ஜனங்கள் அவள் வாசலில் கூடினார்கள்.

"டிவிய அமத்து, சந்தனமாரி. எங்க வீட்ல வரல."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்குத் துக்கம் கேக்க வந்திருக்காவ. அழுதுட்டு இருக்கவள எந்திச்சுப் போன்னு சொல்லவா? நீங்கதான் வரல. இவுகளாவது வந்தாவளே."

சாவு வீட்டில் அழுகிறவளை எழுப்ப எந்த ஊரிலும் யாருக்கும் வாய் வராது. அண்ணாச்சிக்கு மட்டும் வந்தது. லைன் வீடு அவருடையது. கங்காணியை அனுப்பி ஃபியூஸைப் பிடுங்கினார். சாயங்காலம் ஜெயசிங் தன் டிவிஎஸ் வண்டியில், மீன் பெட்டி இருக்கிற இடத்தில், கன்ட்ரோல் ரூமின் பழைய இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வைத்து மாட்டினார். "இது இறங்குனா இன்னொண்ணு கிடக்கு," என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அது எத்தனை நாள் நடந்தது என்று சகாயராணிக்குத் தெரியவில்லை. பாத்தி காய்ந்து வெடித்தது. ஆப்பில் எவ்வளவு தட்டினாலும் சொட்டு விழவில்லை. தண்ணீர் வராத ஒயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு காலை, ஒருவரிடமும் கேட்காமல், தெருவே கூடி ஒயர் முழுவதையும் இழுத்து அறுத்து, ரப்பரை எரித்துச் செம்பை எடுத்து எடைக்குப் போட்டது. அந்தப் புகை பவுடர் மணந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருக்கிறது. காப்பாற்ற இனி ஒயர் இல்லை, பேட்டரி கொடுத்த ஜெயசிங் மேல் கோபம் மட்டும் இருந்தது; வி.ஏ.ஓ.வை அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். கரண்ட் அடித்துத்தான் லிங்கதுரை செத்தான் என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். ஜெயசிங் லைனைக் கழற்றாமல் விட்டதால்தான் என்றார்கள். தங்கபுஷ்பம் மாரில் அடித்துக்கொண்டு, "எத்தன தடவ சொன்னோம் சார், கேக்கலியே அந்தப் பாவி," என்றாள். இதையும் அவளே மகளிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது குரலில் ஒரு மாற்றமும் இல்லையாம்.

சந்தனமாரி இத்தனை நாளாகக் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். கரண்ட். அது இப்போது எல்லார் வாயிலும் இருந்தது. அவள் சும்மா தலையாட்டியிருந்தால் போதும்.

"அவரு வெட்டத்தான் வந்தாரு," என்றாள். "இவுக விடல. நானும் விடல. பிளேயரு என் புருஷன் இடுப்புலதான் இருந்துச்சு."

வி.ஏ.ஓ. அதையும் எழுதிக்கொண்டார். ஜெயசிங்கை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அண்ணாச்சியையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தருவைக்கரை சந்தனமாரியோடு பேச்சை நிறுத்தியது. குழாயடியில் அவள் நின்றால் அவளுக்குப் பின்னால் இருந்தவள் முன்னால் போய்க் குடத்தை வைத்தாள். எதிரே வந்தால் அவள் இல்லாதது மாதிரி தாண்டிப் போனார்கள்.

மாதக்கணக்கில் அப்படி இருந்திருக்கிறது. பிறகு தேவாலயத்து மைதானத்தில் கண் முகாம் போட்டார்கள். டாக்டரம்மா சந்தனமாரியின் இமையை விலக்கிப் பார்த்து, இவ்வளவு காய்ந்த கண்ணோடு எப்படி வேலை செய்கிறாய் என்று திட்டி, ஒரு சின்னக் குப்பியில் சொட்டு மருந்து கொடுத்தார். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, பழக்கமில்லாத கையால் பிழிந்துகொண்டாள். பாதி கண்ணில் விழுந்தது, பாதி கன்னத்தில் வழிந்தது. தெருவில் போன தங்கபுஷ்பம் அப்படியே நின்றாள்.

"ஏளா, எல்லாரும் வாங்க! சந்தனமாரி அழுதுட்டா!"

ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் மைனி, என் மைனி, என் அண்ணன் போயிட்டாகளே என்று அழுதாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் கட்டிக்கொண்டாள், ஒவ்வொருத்தியும் வாய்விட்டு அழுதாள், ஒவ்வொருத்தியும் அவள் ஈரக் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, மனசுக்கு நிம்மதியாக எழுந்து போனாள். சந்தனமாரி குப்பியைக் கைக்குள் மூடிக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதால், கடைசி ஆள் அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவளோடு எல்லாரும் பேசுகிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு ஹாஸ்டலுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் போய் விசாரித்தேன். அப்படி ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. செயற்கைக் கண்ணீர் என்றுதான் அதற்குப் பெயர். மூடியைத் திறந்தால் ஒரு மாதம்தான், அதற்குமேல் மிச்சமிருந்தாலும் கொட்டிவிட வேண்டும் என்றார் கடைக்காரர். வாங்கி அட்டையைப் படித்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது.